தம்பி, தொப்பி எங்க?

ரெண்டு வருஷம் முன்னாடி மாசி மகத்தன்னிக்கு தேவனாம்பட்டினம் பீச்சுல ஒரு ரெக்கார்டிங் எடுத்தேன். சுத்துப்பட்டு ஊர் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு கடலுக்கு வர்ற நாள், கூட்டம் நெறியும், ஒவ்வொரு சாமிக்கும் ஒரு மேளம், ஒரு பக்கம் பலூன்காரர் பீப்பி, இன்னொரு பக்கம் ஜெனரேட்டர். எங்க தெரு சாமிக்கு தவில் வாசிச்சது எதிர்வீட்டுப் பெரியவர், அவர் வாசிப்ப ஒரு தடவையாவது ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி குடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை எனக்கு, அதுக்குன்னே கையடக்க ரெக்கார்டர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வெச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன மாட்டி கேட்டா தவிலும் இல்ல நாதஸ்வரமும் இல்ல, டொப டொப டொபடொபன்னு காத்து மட்டும்தான் இருக்கு. தானே புயல பாத்த ஊர்க்காரனுக்கு காத்த பத்தி தெரியாதான்னு கேப்பீங்க. ஓட்ட தூக்குற காத்து தெரியும், மைக்குக்குள்ள போற காத்து தெரியாது.

நான் பொழப்புக்கு பண்றது கல்யாண வீடியோ எடிட்டிங், மஞ்சக்குப்பத்துல ஒரு சின்ன ஸ்டூடியோல. படிச்சது டிப்ளமோ இசிஇ, அதுல சி லாங்குவேஜ் ஒரு பேப்பர், பாஸ் பண்ணதோட மறந்தாச்சு. ஸ்டூடியோல நாங்க கேடென்லைவ்னு காசில்லாம கெடைக்கற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எடிட் பண்றோம், கொள்கை கிள்கைன்னு ஒண்ணும் கிடையாது, கிராக் காப்பி போட்ட சிஸ்டம் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி வைரஸ் வந்து படுத்துருச்சு, அன்னிக்கு வேற வழியில்லாம லினக்ஸ் போட்டோம், அப்படியே நின்னுட்டோம்.

சரி, காத்துக்கு வருவோம். எல்லாரும் பண்றத நானும் பண்ணேன், ஆடாசிட்டின்னு சத்தம் எடிட் பண்ற சாஃப்ட்வேர தெறந்து நாய்ஸ் ரிடக்ஷன். அதுக்கு முதல்ல வெறும் சத்தம் மட்டும் இருக்கற ஒரு துண்ட செலக்ட் பண்ணி காட்டணும், இதுதான் இரைச்சல், இத மாதிரி இருக்கறத எடுத்துருன்னு. ஃபேன் சத்தம், ஏசி சத்தம், ஆம்ப்ளிஃபயர் உம்முனு இழுக்கற 50 ஹெர்ட்ஸ் சத்தம், இதுக்கெல்லாம் அது அருமையா வேலை செய்யும் ஏன்னா அதெல்லாம் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். கடல் காத்து அப்படியா, ஒரு செகண்ட் இருக்கற மாதிரி அடுத்த செகண்ட் இருக்காது. எடுத்துக் காட்டுன துண்டு மட்டும் சுத்தமாச்சு, மத்ததெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிருச்சு.

அடுத்து ஆர்என்நாய்ஸ். ஜீன் மார்க் வாலின்னு ஒருத்தர் எழுதுனது, நியூரல் நெட்வொர்க் வெச்சு இரைச்சல எடுக்கறது, சும்மா சொல்லக்கூடாது, பேச்சுக்கு அபாரமான சாமான். சத்தத்த செகண்டுக்கு 48,000 தடவ அளந்து எண்ணா வெக்கறதுதான் 48 கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள், அதுல 480 சாம்பிளா, அதாவது 10 மில்லி செகண்ட் துண்டு துண்டா எடுத்து ஒவ்வொண்ணுலயும் எது பேச்சு எது இரைச்சல்னு பிரிக்கும். என்னோட ஃபைல போட்டேன். காத்து போச்சு. கூடவே நாதஸ்வரமும் போச்சு, தவிலும் போச்சு, பின்னாடி எங்கயோ ஒரு அம்மா "டேய் செருப்ப பாத்துக்கடா"ன்னு கத்துனது மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவா கேட்டுச்சு. அந்த சாமான் மேல தப்பே இல்ல, அத பழக்குனதே மனுஷப் பேச்ச காப்பாத்தத்தான், அதுக்கு நாதஸ்வரமும் லாரி ஹாரனும் ஒண்ணுதான். ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த கோவம் இருக்கே. நம்ம ஊர்ல எது சத்தம் எது இரைச்சல்னு வேற யாரோ முடிவு பண்ணி வெச்ச மாதிரி இருந்துச்சு. நமக்கு வேணுங்கறத நாமதான் எழுதிக்கணும் போலன்னு முதல்ல தோணுனது அப்பதான்.

ஆடாசிட்டிக்குள்ள நைக்விஸ்ட்னு ஒரு குட்டி மொழி இருக்கு, ரோஜர் டேனன்பர்க்னு கார்னகி மெலன் பல்கலைக்கழக பேராசிரியர் பண்ணது, 2000ல வந்த ஆடாசிட்டியவே ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல அவரும் ஒருத்தர். பாக்க லிஸ்ப் மாதிரி ஒரே அடைப்புக்குறியா இருக்கும், ஆனா ப்ளகின், அதாவது பெரிய சாஃப்ட்வேருக்குள்ள சொருகற குட்டி சாஃப்ட்வேர், எழுதி பாக்கணும்னு ஆச இருக்கறவங்களுக்கு நான் சொல்ற முதல் இடம் அதுதான். கம்பைல் பண்ற வேலையே இல்ல, நோட்பேட்ல நாலு வரி எழுதி ஆடாசிட்டியோட ப்ளகின் ஃபோல்டர்ல போட்டா மெனுல உங்க ப்ளகின் வந்து நிக்கும். நான் எழுதுனது ஒரே வேலை பண்ற ப்ளகின், 150 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கறத எல்லாம் வெட்டி எறி. காத்தோட பலமெல்லாம் கீழ்ஸ்தாயிலதான் இருக்கு, அத வெட்டுனா முடிஞ்சுதுல்ல. முடிஞ்சுது. நாதஸ்வரம் கணீர்னு கேட்டுச்சு. எனக்கு தலகால் புரியல, ஓடிப் போயி பெரியவருக்கு போட்டுக் காட்டுனேன்.

ஒரு நிமிஷம் கண்ண மூடி கேட்டாரு. அப்புறம் கண்ணத் தெறந்து, "தம்பி, தொப்பி எங்க?" அப்படின்னாரு.

தெரியாதவங்களுக்கு: தவிலுக்கு ரெண்டு முகம். வலந்தலை, அத விரல்ல கூடு மாட்டிக்கிட்டு அடிப்பாங்க, சுள்ளுன்னு கேக்கும். இடது பக்கம் தொப்பி, அத குச்சியால அடிப்பாங்க, கும்முன்னு அடிவயித்துல வந்து விழற சத்தம் அதுதான். நான் வெட்டி எறிஞ்ச 150 ஹெர்ட்ஸுக்கு கீழதான் தொப்பியோட உசுரே இருக்கு. காத்தும் அங்கதான் இருக்கு தொப்பியும் அங்கதான் இருக்கு. ஒரே வீட்ல குடியிருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர மட்டும் எப்படி வெளிய அனுப்பறது?

ஒரு மாசம் இத வெச்சுக்கிட்டு சுத்துனேன். கடைசில டிப்ளமோல எங்களுக்கு சர்க்யூட் எடுத்த சார் ஞாபகம் வந்துச்சு, ரிட்டயர் ஆகி இப்ப பாண்டில முத்தியால்பேட்டைல இருக்காரு. ஒரு ஞாயித்துக்கிழம பஸ் புடிச்சேன், ஆல்பேட்டை, கன்னிகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு நின்னு நின்னு போற பஸ், அரியாங்குப்பம் தாண்டறதுக்குள்ள ரெண்டு தூக்கம் தூங்கிட்டேன். சார் வீட்டு மொட்ட மாடில உக்காந்து விஷயத்த சொன்னேன். அவரு லேப்டாப்ப தெறக்க சொல்லவே இல்ல. மாடில துணி காயற கொடிய காட்டுனாரு. "அந்த ரெண்டு துண்டும் ஒரே காத்துலதான ஆடுது, ஒரே மாதிரியா ஆடுது?"

"இல்ல சார்."

"கீழ தெருவுல சாமி ஊர்வலம் போனா இந்த ரெண்டு ஜன்னல் கண்ணாடியும் எப்படி அதிரும்?"

"ஒண்ணா அதிரும்."

"உன் ரெக்கார்டர்ல எத்தன மைக்?"

அவ்ளோதான். ரெண்டு மைக். எனக்கு அங்கயே மண்டைல பல்பு எரிஞ்சிருச்சு, காபி வர்றதுக்குள்ள பேப்பர்ல கணக்கு போட்டாச்சு.

கொஞ்சம் விளக்கி சொல்றேன், இந்த இடம்தான் எனக்கு ரொம்ப புடிச்ச இடம். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் சுமாரா 3.4 மீட்டர். என் ரெக்கார்டர்ல ரெண்டு மைக்குக்கும் நடுவுல அஞ்சாறு சென்டிமீட்டர்தான். அவ்ளோ நீட்டு அலைக்கு முன்னாடி இந்த இடைவெளி ஒண்ணுமே இல்ல, அதனால தொப்பி சத்தம் இடது மைக்லயும் வலது மைக்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பதியும். காத்து அப்படி இல்ல, அது சத்தமா எங்கயோ இருந்து வர்றது கிடையாது, மைக் மேலயே வந்து மோதி அங்கங்க சுழி சுழியா உடையுது, இந்த மைக்ல உடையற சுழிக்கும் பக்கத்து மைக்ல உடையற சுழிக்கும் சம்பந்தமே இருக்காது, கொடில ஆடற துண்டு மாதிரி. அப்ப ரெண்டு சேனலையும் கூட்டி ரெண்டால வகுத்தா அதுல தொப்பி முழுசா இருக்கும், காத்து பாதி பவர்ல இருக்கும். ஒண்ணுல இருந்து ஒண்ண கழிச்சு ரெண்டால வகுத்தா தொப்பி அடிபட்டு போயிரும், காத்து மட்டும் அதே பாதி பவர்ல நிக்கும். அதாவது கழிச்சு வர்றது காத்தோட அளவ எனக்கு சொல்லிருது! கூட்டி வந்ததோட பவர்ல இருந்து கழிச்சு வந்ததோட பவர எடுத்துட்டா மிச்சம் தொப்பி. மிச்சத்த மொத்தத்தால வகுத்தா கீழ்ஸ்தாய எவ்ளோ விடணும் எவ்ளோ அடக்கணும்னு ஒரு எண், பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல. காத்து இல்லாத நேரம் அது ஒண்ணு, காத்து அடிச்சு நொறுக்கற நேரம் பூஜ்யத்துக்கு பக்கத்துல.

இது நானும் சாரும் கண்டுபிடிச்ச புது விஷயம்லாம் இல்ல, ரெண்டு மைக்க ஒப்பிட்டு காத்த புடிக்கறது ஏற்கனவே உள்ள வித்தைதான். ஆனா எனக்கு வேணுங்கற மாதிரி, கீழ்ஸ்தாய மட்டும் தொட்டுட்டு மேல கையே வெக்காத மாதிரி, கேடென்லைவ்ல வர்ற மாதிரி ஒண்ணு என் கைக்கு கெடைக்கல. அதான் எழுத உக்காந்தேன்.

எந்த முறைல ப்ளகின் எழுதறதுன்னு பாத்தப்ப ஏகப்பட்ட வழி இருந்துச்சு. லாட்ஸ்பா, எல்வி2, விஎஸ்டி, க்ளாப். நான் எடுத்தது லாட்ஸ்பா, 2000 வாக்குல ரிச்சர்ட் ஃபர்ஸ்னு ஒருத்தர் போட்ட பழைய முறை, ஏன் அதுன்னா ப்ளகின் எப்படி இருக்கணும்னு சொல்ற ஒரே ஒரு ஹெட்டர் ஃபைல்தான் மொத்தமும், ஒரு மத்தியானத்துல படிச்சிரலாம், அதுலயும் பாதி கமெண்ட். ஆடாசிட்டி எடுத்துக்கும், ஆர்டர் எடுத்துக்கும் (டீக்கடை ஆர்டர் இல்ல, ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஆர்டர்), கேடென்லைவ் உள்ள ஓடற எம்எல்டியும் எடுத்துக்கும். ப்ளகின்னா ஏதோ பெருசுன்னு நெனச்சுட்டு இருந்தேன், பாத்தா கேட்டரிங்ல ஒரு வேலை மட்டும் பாக்கற ஆள் மாதிரிதான். பெரிய சாஃப்ட்வேர் உங்க கைல ஒரு தட்டு சாம்பிள் குடுக்கும், நீங்க உங்க வேலைய முடிச்சு அடுத்த தட்டுல வெக்கணும், திரும்ப அடுத்த தட்டு வரும். எவ்ளோ பெரிய தட்டுன்னு நீங்க கேக்க முடியாது, அவங்க குடுக்கறதுதான்.

இந்த தட்டு அளவுலதான் நான் முதல்ல வழுக்கி விழுந்தேன். அந்த அடக்கற எண்ண தட்டுக்கு ஒரு தடவ கணக்கு போட்டு அந்த தட்டு முழுக்க அதையே பெருக்குனேன். ஆர்டர்ல 256 சாம்பிள் தட்டு, 48 கிலோஹெர்ட்ஸ்ல 5.3 மில்லி செகண்ட், பரவால்லாம கேட்டுச்சு. அதே ஃபைல கேடென்லைவ்ல போட்டா டிக் டிக் டிக்னு யாரோ நகம் கடிக்கற சத்தம். ரெண்டு நாள் மண்டைய உடைச்சேன். அங்க வீடியோ ஃப்ரேம் கணக்குல ஆடியோ வருது, 25 ஃப்ரேம்னா 48000ஐ 25ஆல வகுத்தா 1920 சாம்பிள், ஒவ்வொரு 1920க்கும் என் எண் திடுக்குன்னு மாறுது, அந்த எடத்துலதான் டிக். அப்புறம் அந்த எண்ண சாம்பிள் சாம்பிளா மெதுவா நகர்த்தற மாதிரி மாத்துனேன், 30 மில்லி செகண்ட்ல எறங்கி ஏறற மாதிரி, தட்டு எந்த சைஸ்ல வந்தாலும் ஒரே பதில் வர்ற மாதிரி. இப்பல்லாம் புதுசா எது எழுதுனாலும் ஒரே ஃபைல 64 சாம்பிளாவும் 1920 சாம்பிளாவும் ஒரு தடவ 1 சாம்பிளாவும் குடுத்து மூணும் ஒண்ணா வருதான்னு பாத்துட்டுதான் வெளிய விடறேன்.

அடுத்த கூத்து பிரிண்ட்எஃப். எண் எவ்ளோ வருதுன்னு பாக்க உள்ள ஒரு பிரிண்ட் வரி போட்டு வெச்சிருந்தேன், அத எடுக்க மறந்துட்டேன், நேரடியா கேக்கும்போது அங்கங்க தெறிச்சுது. ஆடியோ ஓடற எடத்துல திரைல எழுதறது, மெமரி கேக்கறது, ஃபைல் தெறக்கறது, லாக் போட்டு காத்திருக்கறது எதுவும் ஆகாது, 5 மில்லி செகண்டுக்குள்ள தட்டு திரும்பி போகலன்னா காதுல ஓட்ட விழும். மெமரி வேணும்னா ஆரம்பிக்கும்போதே வாங்கி வெச்சுக்கணும், பந்தி நடக்கும்போது எல வாங்க கடைக்கு ஓடக்கூடாது.

அப்புறம் ஒண்ணு வந்துச்சு, அத நெனச்சா இப்பவும் சிரிப்பு வரும். பாட்டு ஓடும்போது சிபியு சும்மா இருக்கு, பாட்டு முடிஞ்சு அமைதியான எடம் வந்தா லேப்டாப் ஃபேன் கத்துது. வேலை இருக்கும்போது சும்மா இருந்து வேலை இல்லாதப்ப மூச்சு வாங்குது, எங்க தெருவுல ஒருத்தர் இப்படி இருக்காரு. காரணம் என்னன்னா ஃபில்டருக்குள்ள சுத்திட்டு இருக்கற எண் அமைதியில சின்னதாகி சின்னதாகி பூஜ்யத்துக்கு பக்கத்துல போகும் ஆனா பூஜ்யம் ஆகாது, அவ்ளோ நுணுக்கமான எண்ண, டீநார்மல்னு சொல்வாங்க, கூட்டி கழிக்க ப்ராசசருக்கு பல மடங்கு நேரம் புடிக்கும். அதெல்லாம் பூஜ்யம்னே வெச்சுக்கன்னு ப்ராசசர்கிட்ட சொல்ற ஒரு செட்டிங் இருக்கு. நான் அப்ப பண்ணது நாட்டு வைத்தியம், புள்ளிக்கு அப்புறம் 19 சைபர் போட்டு ஒரு 1, அத ஒவ்வொரு சாம்பிள்லயும் கூட்டி விட்டேன். காதுக்கு தெரியாது, ஃபேன் அடங்கிருச்சு.

இத்தனையும் முடிச்சு மாசி மக ஃபைல திரும்ப ஓட்டி பெரியவர்கிட்ட குடுத்தேன். இந்த தடவ கண்ண மூடல. தொடையில எடது கை தானா தாளம் போட ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணும் சொல்லல, "இன்னொரு தடவ போடு"ன்னாரு. ப்ளகினுக்கு தொப்பின்னே பேர் வெச்சுட்டேன்.

ஜிபிஎல் லைசன்ஸ்ல கோட வெளிய போட்டேன், யார் வேணா எடுத்து மாத்திக்கலாம், ஆனா மாத்துனத வெளிய குடுத்தா அதோட கோடையும் குடுக்கணும்ங்கற லைசன்ஸ் அது. ஸ்டூடியோ ஓனர் அண்ணனுக்கு இது சுத்தமா புடிக்கல. "ஏன்டா, கண்ணு முழிச்சு எழுதிட்டு சும்மா தூக்கி ஊருக்கே குடுக்கற, திருப்பாப்புலியூர் ஸ்டூடியோக்காரன் எடுத்து போட்டுக்க மாட்டான்?" போட்டுக்கட்டும்ண்ணே, நாம கேடென்லைவ் காசு குடுத்தா வாங்குனோம்னு கேட்டேன். மொறச்சாரு. ஆனா அவரு கேட்டதுலயும் ஞாயம் இருக்கு, லைசன்ஸ்ங்கறது சும்மா கடைசில ஒட்டற ஸ்டிக்கர் இல்ல. விஎஸ்டி முறைய எடுத்துக்கங்க, ஸ்டைன்பெர்க் கம்பெனி 1996ல கொண்டு வந்தது, உலகம் பூரா ஓடறது அதுதான், ஆனா 2018ல பழைய விஎஸ்டி2ல ப்ளகின் எழுதத் தேவையான கோடு மூட்டைய குடுக்கறத நிறுத்திட்டாங்க, புதுசா எழுத வர்றவனுக்கு அந்த கதவு மூடிருச்சு. விஎஸ்டி3க்கு ஜிபிஎல் இல்லன்னா கம்பெனியோட ஒப்பந்தம்னு ரெண்டு வழி இருந்துச்சு. 2022ல பிட்விக், யூஹின்னு ரெண்டு கம்பெனியும் சேந்து க்ளாப்னு ஒண்ண எம்ஐடி லைசன்ஸ்ல கொண்டு வந்தாங்க, எடுத்துக்கோ என்ன வேணா பண்ணிக்கோன்னு, அப்புறம் 2025ல விஎஸ்டி3யும் எம்ஐடிக்கு வந்துருச்சு. அடுத்தவன் போட்ட முறை மேல வீடு கட்டறோம், மனைப் பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாத்துக்கறது நல்லதுதான.

வெளிய விட்டு மூணாவது வாரம் ஒருத்தர் எழுதுனாரு, "உங்க ப்ளகின் வேலையே செய்யல." ஃபைல் அனுப்புங்கன்னேன். கேட்டா காத்து அப்படியே இருக்கு, ப்ளகின் ஒரு துளி அசையல. அரைமணி நேரம் கழிச்சுதான் உரைச்சுது, அது ஒரே மைக்ல எடுத்தது, அதையே ரெண்டு சேனல்லயும் காப்பி பண்ணி வெச்சிருக்கு, நெறய ஃபோன் இப்படித்தான் பண்ணும். ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுன்னா கழிச்சா பூஜ்யம், என் ப்ளகின் "ஆகா காத்தே இல்ல"ன்னு கைய கட்டிட்டு நிக்குது. அடுத்தது நேர் எதிர். காலர் மைக்க எடது சேனல்ல மட்டும் போட்டு எடுத்த ஒரு பேட்டி, வலது சேனல் காலி. கூட்டுனாலும் கழிச்சாலும் ஒரே அளவு, ப்ளகினுக்கு எல்லாமே காத்தா தெரியுது, பேசறவர் அடிக்குரலயே புடுங்கிருச்சு. ரெண்டுக்கும் ஒரு சோதனை எழுதி, அந்த மாதிரி ஃபைல் வந்தா தள்ளி நின்னுக்கற மாதிரி பண்ணேன். மேடையில ரெண்டு மீட்டர் தள்ளித் தள்ளி வெச்ச ரெண்டு மைக்குக்கும் இது ஆகாது, அத முதல் வரிலயே எழுதி வெச்சிருக்கேன், ஆனா முதல் வரிய யார் படிக்கறா.

ஒரு விஷயம் உண்மைய சொல்லிடறேன். மைக் மேல ஒரு முடி உறை, ஆட்டுக்குட்டி மாதிரி புசுபுசுன்னு இருக்குமே, அத மாட்டி எடுத்திருந்தா இந்த ப்ளகின் தேவையே பட்டிருக்காது. இப்ப நானே மாட்டித்தான் எடுக்கறேன், கரடி பொம்மை தோல உரிச்சு வீட்ல தச்சது. எடுக்கும்போது செய்யற அஞ்சு நிமிஷ வேலைக்கு எடிட்டிங்ல எத்தன ப்ளகின் போட்டாலும் ஈடாகாது. ஆனா எடுத்து முடிச்ச ஃபைலுக்கு உறை மாட்ட முடியாதே.

அப்புறம் எல்வி2க்கு மாத்துனேன், காரணம் கொஞ்சம் சின்னப்புள்ளத்தனமானது. லாட்ஸ்பால குமிழ் பேர தமிழ்ல வெச்சா சில எடத்துல கட்டம் கட்டமா வந்துச்சு. எல்வி2ல ப்ளகின பத்தின விவரமெல்லாம் கோடுக்கு வெளிய டர்டில்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கும், அதுல ஒவ்வொரு பேரும் எந்த மொழின்னு தனியா குறிச்சு வெக்கலாம். இங்கிலீஷுக்கு ஒண்ணு, தமிழுக்கு ஒண்ணு. காத்து, தொப்பி, எல்லைன்னு மூணு குமிழ். அந்த டர்டில் ஃபைல்ல ஒரு வாக்கியத்துக்கு கடைசில புள்ளி வெக்காம விட்டா நான் போட்டுப் பாத்த சாஃப்ட்வேர் எதுவும் திட்டல, உங்க ப்ளகின் லிஸ்ட்லயே இருக்காது, அவ்ளோதான். ஒரு புள்ளிக்காக ஒரு சனிக்கிழம போச்சு. ஸ்கூல்ல தமிழம்மா முற்றுப்புள்ளிக்கு அரை மார்க் கொறைக்கும்போது நான் அவ்ளோ வருத்தப்பட்டதில்ல.

இப்ப கை வெச்சிருக்கறது வீடியோவுல. மண்டபத்துல ட்யூப்லைட்டுக்கு கீழ சொந்தக்காரங்க ஃபோன்ல எடுத்துட்டு வந்து "இதையும் சேத்துருங்க"ன்னு குடுப்பாங்க, அதுல படம் முழுக்க கருப்புப் பட்டை பட்டையா ஓடும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், ஃபோன் எடுக்கறது 30 ஃப்ரேம். 100ஐ 30ஆல வகுத்தா மூணும் மூணுல ஒண்ணும், அதனால மூணு ஃப்ரேமுக்கு ஒரு தடவ பட்டை கரெக்டா பழைய எடத்துக்கே வரும். அப்ப ஒவ்வொரு வரிசைக்கும் இந்த ஃப்ரேம், முந்தினது, அதுக்கும் முந்தினதுன்னு மூணோட சராசரி வெளிச்சத்த எடுத்து அந்த அளவுக்கு இந்த வரிசைய தூக்குனா பட்டை மறையணும். ஃப்ரையர்னு வீடியோ ப்ளகினுக்கு ஒரு முறை இருக்கு, அதுவும் லாட்ஸ்பா மாதிரியே ஒரே ஹெட்டர், ஒரு ஃப்ரேம் உள்ள ஒரு ஃப்ரேம் வெளிய. அதுல எழுதுனேன். ஒரு ஃப்ரேம் 1920க்கு 1080, பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 82,94,400 பைட், ஆடியோவுல ஒரு தட்டு சாம்பிள் குடுத்த எடத்துல இங்க அண்டாவோட தூக்கி குடுக்கறாங்க.

தனியா ஓட்டுனா பிரமாதமா இருந்துச்சு. ப்ராஜெக்ட்ல போட்டா பட்டை போகல, இன்னும் அசிங்கமா குதிச்சுது. ஒரு வாரம் என் கோடயே திட்டிட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா எங்க ப்ராஜெக்ட் 25 ஃப்ரேம், ஃபோன் க்ளிப் 30 ஃப்ரேம், டைம்லைன்ல விழும்போதே ஆறுல ஒரு ஃப்ரேம தூக்கி போட்டுருது, என் மூணு மூணு கணக்கு அங்கயே காலி. இப்ப அந்த க்ளிப்ப மட்டும் முதல்ல 30 ஃப்ரேம் ப்ராஜெக்ட்ல சுத்தம் பண்ணி ரெண்டர் எடுத்து அப்புறம் உள்ள கொண்டு வர்றோம். டைம்லைன்ல முன்ன பின்ன இழுத்து பாக்கும்போது முந்தின ஃப்ரேம்னு நான் நெனச்சு வெச்சிருக்கறது எங்கயோ தாலி கட்டற எடத்து ஃப்ரேமா இருக்கும், அதனால ஃப்ரேமோட நேரத்த பாத்து தொடர்ச்சி இல்லன்னா பழச தூக்கி எறிஞ்சுட்டு புதுசா ஆரம்பிக்க வெச்சேன். ஃபோட்டோகிராஃபர் ஃப்ளாஷ் அடிச்சா அந்த ஒரு ஃப்ரேம் சராசரிய கெடுத்து அடுத்த ரெண்டு ஃப்ரேமையும் கெடுத்துச்சு, கல்யாணத்துல ஃப்ளாஷ் அடிக்காத நிமிஷம் ஏது, அதுக்கும் ஒரு வேலி போட்டேன், வெளிச்சம் ஒரு அளவுக்கு மேல எகிறுனா அந்த ஃப்ரேம கணக்குலயே சேக்காதன்னு.

இன்னும் மசியாதது சீரியல் செட். வாசல்ல தொங்கவிடற அந்த கலர் எல்இடி மாலை, மேடைக்கு பின்னாடி ஓடற எல்இடி போர்டு, இதெல்லாம் 100 ஹெர்ட்ஸ்ல மினுக்கறதில்ல, ஒவ்வொரு கண்ட்ரோல் பெட்டியும் அதுவா ஒரு வேகம் வெச்சிருக்கு. ட்யூப்லைட்டு பட்டை போயி சீரியல் செட் பட்டை மட்டும் தனியா ஒரு தாளத்துல ஓடுது. முதல்ல அந்த வேகத்த வீடியோல இருந்தே கண்டுபிடிக்கணும்னு நெனக்கறேன், போன வாரம் பந்தல்காரர்கிட்ட கெஞ்சி நாலு பெட்டி வாங்கிட்டு வந்து ரூம்ல மாட்டி ஃபோன்ல எடுத்துட்டு இருக்கேன், எங்கம்மா உள்ள எட்டிப் பாத்துட்டு யாருக்குடா கல்யாணம்னு கேட்டுட்டு போறாங்க.